கால் அங்குலத்தில் ஓர் இழை குறைய

கெட்டில் க்ரீக், நெப்ராஸ்கா
மார்ச் 26, வியாழக்கிழமை

என் மரியாதைக்குரிய அக்கா ஆர்டித்துக்கு,

உன் தம்பி எல்டன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் டெலோரிஸும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுதினால் மீதிக் கடிதத்தை நீ நம்பமாட்டாய் என்பதால் நிறுத்திக்கொண்டேன். அங்கே நீயும் அத்தானும் அரிசோனா வெயிலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் ஜூஸ் டம்ளரோடு நலமாகவே இருப்பீர்கள். இருங்கள், நன்றாக இருங்கள். அடுத்தவன் வீட்டுக் கூரையில் கொள்ளியைச் செருகிவிட்டுப் போனவர்கள் நலமாக இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்?

என்ன கொள்ளி என்று கேட்பாய். போன அக்டோபரில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது உன் தையல் மிஷினைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் இறக்கினாயே, கூடவே அந்தத் தேனீக் கூட்டத்தில் உனக்கிருந்த இடத்தையும் டெலோரிஸுக்குத் தாரை வார்த்துவிட்டுப் போனாயே, அதுதான் கொள்ளி. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற கூட்டத்துக்குத் தேனீ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. தேன் எதையும் நான் பார்க்கவில்லை, கொட்டு மட்டும் வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து நாங்கள் சாப்பிடுவது முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டுதான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். மனைவி ஆசைப்படுகிறாள், குளிர்காலம் நீளமாக இருக்கிறது, தைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். பிப்ரவரி கடைசியில் டெலோரிஸ் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். படிக்கு உப்புத் தூவச் சொல்லி அன்று காலையே என்னிடம் சொன்னதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொன்னாள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படி என்று சொல்லவில்லை. நான் முன்வாசல் படிக்குத் தூவினேன். இது யார் குற்றம்?

முழங்கைவரை மாவுக்கட்டு, ஆறு வாரம் அசைக்கக்கூடாது. சரி, தையலுக்கு ஆறு வாரம் விடுமுறை, மேஜை நமக்குத்தான் என்று நான் நினைத்த அந்த நிமிஷத்தில் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து போட்டார். மார்ச் மாத ராணியின் உறை. உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைத் துணி ஒரு துண்டு, கடுகு மஞ்சளில் சில கீற்றுகள், ஒரு குறிப்பு. உங்கள் கூட்டத்துச் சட்டத்தை உனக்கே நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் எழுத எழுத எனக்கு ஆத்திரம் வருகிறது, அதனால் எழுதுகிறேன். மாதம் ஒருத்தி ராணி. மற்ற பதினோரு பேரும் அவள் சொன்னபடி போர்வையில் சேர்க்கிற சதுரத் துண்டாக ஆளுக்கொரு கட்டம் தைத்து, மூன்றாம் சனிக்கிழமை தேவாலயத்தின் அடித்தளத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காதவள் ராணியாகிற மாதத்தில் அவளுக்கு ஒரு கட்டமும் வராது. காய்ச்சல் என்றாலும் கிடையாது, டாக்டர் சீட்டும் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டது நீதான் என்று டெலோரிஸ் சொல்கிறாள். நீயாகத்தான் இருக்கும். ஆறு வயதில் மிட்டாயைப் பங்கு போடும்போதே நீ இப்படித்தான்.

டெலோரிஸின் மாதம் மே. நம் பெண் கிர்ஸ்டனுக்கு ஜூலையில் பிரசவம். முதல் பேரக்குழந்தை, அக்கா. மே மாதம் வருகிற பதினோரு கட்டத்தோடு தன்னுடைய ஒன்றைச் சேர்த்து அந்தக் குழந்தைக்குப் போர்வை தைக்கப்போவதாக டெலோரிஸ் கிறிஸ்துமஸிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். குருவிப் படம் போட்ட துணிகூட வாங்கி, உறையில் பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கிவிட்டாள். மார்ச் மாதக் கட்டம் போகாவிட்டால் அந்தப் பதினோரு உறையும் அலமாரியிலேயே கிடக்கும். அன்று சாயங்காலம் அவள் மாவுக்கட்டை மடியில் போட்டுக்கொண்டு அந்த உறைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து கராஜுக்குப் போயிருப்பேன். அழாததால்தான் மாட்டிக்கொண்டேன். "நான் தைக்கிறேன், யாருக்கும் தெரியவேண்டாம்" என்று என் வாய் சொன்னது. என் வாய் என்னைக் கேட்காமல் செய்த காரியம் அது.

ராணி யார் என்று நான் அதுவரை கேட்கவில்லை. கேட்டேன். நோரீன் ஹோலுப்!

நோரீனையும் என்னையும் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் நீ அவள் பக்கம் பேசுகிறவள் என்பதால் இன்னொரு முறை எழுதிவைக்கிறேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், நான் இந்தக் கவுண்டிக்கு நிலம் அளக்கிற சர்வேயராக இருந்தபோது, அவள் வீட்டுக்கும் அதற்குக் கிழக்கே இருக்கிற விர்ஜில் பார்ட்டா வீட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு அளந்து கொடுத்தேன். கோட்டுக்கு ஒன்றரை அங்குலம் விர்ஜில் பக்கமாக நின்றது நோரீன் தன் கையால் நட்ட லைலாக் பூச்செடி. நானா நட்டேன்? நின்ற இடத்தில் நின்றது. நான் கோட்டைத்தான் காட்டினேன். அந்த வருஷ மே மாதத்திலிருந்து விர்ஜில் வருஷா வருஷம் அந்தப் பூவை வெட்டி ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குக் கொடுக்கிறான், தேவாலயத்துத் தாளில் 'இன்றைய மலர்கள்: விர்ஜில் பார்ட்டா' என்று அச்சாகிறது, நோரீன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை என் பிடரியையே பார்க்கிறாள். இருபத்தேழு மே மாதம், அக்கா. முப்பத்தாறு வருஷ வேலையில் ஒரு மயிரிழை பிசகாதவன் நான். குளிரில் அளக்கிற இரும்பு நாடா சுருங்குமே, அந்தச் சுருக்கத்துக்குக் கணக்குப் பார்த்துச் சேர்க்காமல் நான் ஒரு கோடு போட்டதில்லை. இது ஊருக்கே தெரியும்.

இப்போது அந்த நோரீனின் குறிப்பைக் கேள். மேலே கொட்டை எழுத்தில் 'மிக எளிய கட்டம்' என்று போட்டிருக்கிறாள். வெள்ளைத் துணியைக் கோணலாக வெட்டி நடுவில் ஒரு மஞ்சள் கீற்றை வைத்துத் தைக்கவேண்டும். மறுபடி வேறொரு கோணத்தில் வெட்டி இன்னொரு கீற்று. மறுபடியும் ஒன்று. 'அளவுகோலைத் தள்ளி வையுங்கள், மனம் போன போக்கில் வெட்டுங்கள்' என்று அடிக்கோடு வேறு. சரி, பைத்தியக்காரத்தனம், ஆனால் ஒரு வகையான பைத்தியக்காரத்தனம் என்று மேலே படித்தால், அடுத்த வரியில் 'பிறகு துல்லியமாக எட்டரை அங்குலச் சதுரமாக நறுக்கி, இரண்டரை அங்குலப் பட்டையால் நாலு பக்கமும் சட்டம் வைத்து, சரியாகப் பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டும், சிறிதும் கூடவோ குறையவோ கூடாது' என்கிறாள். உள்ளே எப்படி வேண்டுமானாலும் கோணிக்கொண்டு கிடக்கலாம், வெளியே மட்டும் மயிரிழை தப்பக்கூடாது! இது எந்த ஊர் நியாயம்? ஒன்று அளக்கச் சொல், இல்லை அளக்காதே என்று சொல். இதற்குப் பெயர் நவீனமாம். நம் அம்மா தைத்த போர்வையில் நட்சத்திரம் இருந்தால் எட்டு முனையும் எட்டுத் திக்கில் ஒழுங்காக நிற்கும். நோரீனின் போர்வைப் படத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் வெறும் வெள்ளை. மீதியில் யாரோ நடுவில் எழுந்து போன மாதிரி நாலு கீற்று.

வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான், கெடுத்தால் மாற்று கிடையாது. அதனால் முதலில் பழைய படுக்கை விரிப்பில் பழகிக்கொள்ளச் சொன்னாள் டெலோரிஸ். விரிப்பைக் கிழிக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"எல்டன்! அது என் துணிக் கத்தரி. அதுல வேற எதையாவது வெட்டினியா?"

"இல்லையே."

"நுனியில பசை ஒட்டியிருக்கு."

"உறையைத் திறந்தேன். நோரீன் அனுப்பின உறைதானே, அதுவும் தையல் சமாச்சாரம்தானே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில், நான் அவள் அண்ணன் காரை ஏரியில் இறக்கிய அன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் கொலைக்குச் சமமாம். இதைக் கல்யாணத்தன்றே பாதிரியார் சொல்லியிருக்க வேண்டாமா?

பிறகு மிஷின். உன் மிஷினுக்கு என்னைப் பிடிக்கவில்லை. மிதியை நான் காரின் ஆக்சிலேட்டர் மாதிரி மிதிக்கிறேனாம். அது கிளம்பின வேகத்தில் விரிப்போடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டது. டெலோரிஸ் இடது கையால் தையல் பிரித்தபடி சிரித்தாளே, மாவுக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், மாத்திரை போட்டும் போகாத வலி அன்று போய்விட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகுதான் பெரிய சண்டை. எங்கே பிடித்துத் தைப்பது என்று கேட்டேன். "ஓரத்திலேர்ந்து கால் அங்குலம், ஆனா ஓர் இழை குறைய" என்றாள். நான் மிஷினை நிறுத்தினேன். "ஓர் இழைன்னா எவ்வளவு?" என்றேன். "கொஞ்சூண்டு." "கொஞ்சூண்டுன்னா முப்பத்திரண்டில் ஒண்ணா, அறுபத்துநாலில் ஒண்ணா?" "எல்டன், அது ஒரு இழை. தைச்சாத் தெரியும்." அக்கா, கால் என்றால் கால். கால் அங்குலத்துக்குக் கொஞ்சூண்டு குறைவு என்று ஒரு அளவு உலகத்தில் இருந்தால், நாளைக்கு ஒருவன் வந்து ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சூண்டு குறைவு என்று பத்திரம் எழுதமாட்டானா? நான் கறாராகக் கால் அங்குலம் பிடித்து நாலு பக்கமும் தைத்து, தேய்த்து, அளந்தேன். பன்னிரண்டும் மூன்று எட்டாம் பாகமும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் காணோம்! மறுபடி பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி அதே. அளவுகோலை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். துணி எங்கே போகும்? "மடிப்பு தின்னுடும்" என்றாள் டெலோரிஸ், சமையலறையிலிருந்து, ரொம்ப சாதாரணமாக. தையலைத் திருப்பி மடிக்கும்போது அந்த வளைவுக்கென்று கொஞ்சம் துணி போய்விடுமாம். எதிரெதிர்ப் பக்கத்து இரண்டு தையலில் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு ஆகுமாம். அதனால்தான் முன்கூட்டியே ஓர் இழை விட்டுக்கொடுப்பதாம்.

"அட, இது நாடாச் சுருக்கம்!" என்று கத்திவிட்டேன். "இதை முதல்லயே இப்படிச் சொல்றதுக்கென்ன? சுருங்கறதுக்குச் சேர்த்துக்கணும்னு சொல்லியிருந்தா நான் மறுப்பேனா? முப்பத்தாறு வருஷமா அதைத்தானே செஞ்சேன்!"

"கொஞ்சூண்டுன்னேனே" என்றாள்.

அடுத்த தடவை பன்னிரண்டரை வந்தது, மயிரிழை பிசகாமல். அதில் எனக்கு மகிழ்ச்சியா என்று கேட்காதே. இந்த விஷயத்தில் எனக்கு மகிழ்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு வந்தது, கோணல் வரவில்லை. மனம் போன போக்கில் வெட்டு என்றால் என் மனம் போகிற போக்கு நேராகத்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய? மூன்று நாள் விரிப்பில் வெட்டினேன். முதல் கட்டத்தில் மூன்று கீற்றும் அடுத்தடுத்து நின்றன, வேலிக் கம்பி மாதிரி. இரண்டாவதைக் கோணமானி வைத்து ஏழு டிகிரி சாய்த்தேன், மூன்றும் ஏழு ஏழு டிகிரி சாய்ந்துகொண்டன. மூன்றாவதற்கு முதலில் காகிதத்தில் ஒரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு கோணலும் எங்கே கோணவேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டினேன். டெலோரிஸ் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கோணல் இல்ல எல்டன். கோணல் மாதிரி நடிக்குது."

"என்னடி வித்தியாசம்?"

"நோரீன் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவா. பூகம்பம் வந்தாலும் உன் கோடு நேராத்தான் இருக்கும். ஐயோ, நாளைக்குச் சனிக்கிழமை." குருவித் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. உண்மையான வெள்ளைத் துணி மேஜைமேல், துணி வெட்டுகிற சக்கரக் கத்தி என் கையில். அந்த நேரத்தில் போன் அடித்தது. டெலோரிஸுக்கு ஒரு கைதானே, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். நோரீன்!

"டெலோரிஸ், கை எப்படி இருக்கு? கட்டம் முடியலைன்னாப் பரவாயில்ல, சட்டம் சட்டம்தான், ஆனா நான் ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டேன்."

மனசில் வைத்துக்கொள்ளமாட்டாளாம்! இருபத்தேழு வருஷமாக வைத்திருப்பதை எங்கே வைத்திருக்கிறாள், மூட்டுவலித் தைல டப்பாவிலா? பல்லைக் கடித்தபடி சரக்கென்று வெட்டினேன். அளவுகோல் இல்லை, ஒன்றும் இல்லை. அது முதல் வெட்டு.

"முடிச்சிடுவேன் நோரீன். எல்டன் ஒத்தாசை பண்றான்."

"எல்டனா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "பாத்துக்கோ டெலோரிஸ். அவன் ஓரம் பிடிச்சா ஒண்ணரை அங்குலம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும்!"

அதற்குள் முதல் கீற்றை வைத்துத் தைத்துவிட்டிருந்தேன். இது இரண்டாவது வெட்டு, குறுக்கே. கத்தி அடியில் விரித்திருந்த வெட்டுப்பாயில் பதிந்துவிட்டது.

மூன்றாவது வெட்டுக்குக் காரணம் நோரீன் இல்லை. போனை வைத்தபிறகு டெலோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுதான். கட்டிய மனைவியே! அந்த வெட்டு எந்தப் பக்கம் போனது என்று எனக்கே தெரியாது. தைத்து, தேய்த்து, மேஜைமேல் போட்டுவிட்டு விலகி நின்றேன். டெலோரிஸ் எட்டிப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "எல்டன்," என்றாள், "இது அழகா இருக்கு." எட்டரையாக நறுக்கினேன். எந்தப் பக்கம் மேலே என்று சட்டம் வைக்கும்போது குழம்பிவிடக்கூடாது என்பதற்காகப் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன அடையாளம் போட்டுக்கொண்டேன். நாலு பட்டையும் ஓர் இழை குறையப் பிடித்துத் தைத்தேன். பன்னிரண்டரை. மூலையில் டெலோரிஸ் தன் பெயரை இடது கையால் எழுதினாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அவளைக் காரில் கொண்டுபோய் விடவேண்டியது என் தலையெழுத்து. அடித்தளத்தில் காபி, பிளம் வைத்த கொலாச்சே ரொட்டி, பன்னிரண்டு பெண்கள். நான் ஒரு மூலையில் ரொட்டியோடு உட்கார்ந்து, விதைக் கம்பெனிக் காலண்டரைப் படிப்பதாகப் பாவனை செய்தேன். நோரீன் ஒவ்வொரு கட்டமாக எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். நம்முடையதை எடுத்தாள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டெலோரிஸ்," என்றாள். "என்ன ஒரு அமைதி இதுல! ஒரு கவலையும் இல்லாத மனசு வெட்டின மாதிரி இருக்கு. இதை நான் நடுவுல வைக்கப்போறேன்."

அமைதியாம்! எனக்கு ரொட்டி புரையேறியது. அதிலிருக்கும் ஒவ்வொரு கீற்றும் அவளை நான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிய திட்டு, அதில் அவளுக்கு அமைதி தெரிகிறது. எழுந்து சொல்லவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது. அப்போதுதான் அவள் கட்டத்தைத் திருப்பினாள். நல்ல தையல்காரி முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் நான் போட்ட சின்ன அடையாளம் என்ன தெரியுமா? வடக்கு அம்பு. வாலில் மூன்று சிறகு வைத்து, முப்பத்தாறு வருஷம் ஒவ்வொரு வரைபடத்திலும் நான் போட்ட அதே அம்பு. கை தன்னால் போட்டுவிட்டது, அக்கா. அந்த அம்பு போட்ட ஒரு வரைபடத்தை நோரீன் இருபத்தேழு வருஷமாகத் தன் சமையலறை மேஜை டிராயரில் வைத்திருக்கிறாள்.

அவள் தலையைத் தூக்கினாள். தேவாலயத்தில் என் பிடரி பார்த்த அதே பார்வையை இப்போது என் முகம் பார்த்தது.

"இதை யார் தச்சது?"

டெலோரிஸ் எழுந்து நின்றாள், மாவுக்கட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு. "எல்டன் தச்சான், நோரீன். என் கையால ஊசி பிடிக்க முடியல. பேரை மட்டும் நான் எழுதினேன். தப்புதான். மே மாசம் எனக்கு ஒண்ணும் வேணாம், இதை நீ வச்சுக்கோ."

அக்கா, எனக்கு அப்போது வந்த கோபம் நோரீன்மேல் இல்லை. என்மேல். ஒரு அம்பால் என் பேரக்குழந்தையின் போர்வையைக் கெடுத்துவிட்டேனே என்று. கையில் பாதி ரொட்டியோடு எழுந்து நின்றேன். "சட்டம் கட்டம் வரணும்னுதானே சொல்லுது, யார் மிதியை மிதிச்சாங்கன்னு சொல்லலையே!" என்று ஏதோ உளறினேன். நோரீன் அளவுகோலை எடுத்தாள். கட்டத்தை மேஜைமேல் விரித்து இந்தப் பக்கம் அளந்தாள், அந்தப் பக்கம் அளந்தாள், மூலைக்கு மூலை அளந்தாள். நிலத்தை அளந்தபோது நான்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பன்னிரண்டரை," என்றாள். "எல்டன் அளந்து எனக்கு முழுசா வந்து சேர்ந்தது வாழ்க்கையிலேயே இது ஒண்ணுதான். இதை விடுவேனா?"

பன்னிரண்டு பேரும் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள், டெலோரிஸும்தான், கண்ணில் தண்ணீரோடு. மே மாதம் பதினோரு கட்டமும் வரும் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. ஆனால் நோரீன் சும்மா விடுவாளா? பேனாவை என் கையில் திணித்தாள். டெலோரிஸ் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதவேண்டுமாம். கை ஆறும்வரை ஏப்ரல் கட்டமும் நானே தைக்கவேண்டுமாம். "லைலாக்கை நான் மறந்துட்டேன்னு நினைக்காத" என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டும் போனாள்.

விளைவு என்ன தெரியுமா? திங்கட்கிழமை காபிக் கடைக்குள் நுழைகிறேன், விர்ஜில் பார்ட்டா தன் கால்சட்டையை ஒரு பையில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறான். "பட்டன் போயிடுச்சு எல்டன், அவசரம் இல்ல, வெள்ளிக்கிழமை கொடு" என்கிறான். கடை மொத்தமும் சிரிக்கிறது. இந்த ஊர் நிலம் முழுக்க என் காலடி பட்டிருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இனிமேல் என்னைப் பட்டன் எல்டன் என்று கூப்பிடப்போகிறார்கள். இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. ஆகவே என் கோரிக்கை: ஏப்ரல் பத்துக்குள் நீ இங்கே வந்து சேரவேண்டும். உன் மிஷினையும் கூட்டத்து இடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். அரிசோனா எங்கும் ஓடிவிடாது. நான் இனி ஊசியைத் தொடமாட்டேன், நோரீனோடு ஒரு கூரைக்கடியில் உட்காரமாட்டேன். முக்கியமாக, முப்பத்தாறு வருஷத்தில் நான் ஒரு அங்குலம்கூடத் தப்பாக அளந்ததில்லை என்பதை நீயே உன் வாயால் அவளிடம் சொல்லவேண்டும். ஆதாரத்துக்கு அந்த வருஷத்துக் களக் குறிப்பேட்டின் நகலை எடுத்து இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். அதை அவள் மூஞ்சிக்கு நேராகக் காட்டு.

அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். கிர்ஸ்டன் நன்றாக இருக்கிறாள், குழந்தை உதைக்கிறதாம். டெலோரிஸ் தன் இடது கையால் அன்பை அனுப்புகிறாள். கடவுள் உன்னையும் உன் வீட்டையும் எந்தப் பனியும் படியாமல் காப்பாற்றட்டும், என்னைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

உன் நொந்த தம்பி,
எல்டன் ராடெக்

பி.கு.: நகல் வைக்கவில்லை. எடுக்கலாம் என்றுதான் நிலவறையிலிருந்து குறிப்பேட்டைக் கொண்டுவந்து பிரித்தேன். ஜனவரி 14, நல்ல குளிர், தெருவின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கே நானூறு அடி என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நாடாச் சுருக்கத்துக்குச் சேர்க்கவேண்டிய கட்டம் காலி. மூன்று தரம் பார்த்தேன், கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். சுருங்கின நாடா காட்டுகிற நானூறு அடி நிஜத்தில் நானூறு இருக்காது, கணக்குப் போட்டால் கோடு இரண்டு அங்குலம் கிழக்கே போகவேண்டும், அதற்குமேலும் கொஞ்சூண்டு. லைலாக் செடி நோரீனுடையது. நேற்று அவள் வீட்டுக்குப் போய், ஒரு சின்னத் திருத்தம் என்று சொல்லி என் கட்டத்தைத் திருப்பி வாங்கிவந்தேன். "பன்னிரண்டரைதானே இருக்கு, என்ன திருத்தம்?" என்று கேட்டாள். கட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். பின்பக்கத்தில் அந்த அம்புக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன்: 'கோடு இரண்டு அங்குலம் கிழக்கே. செடி உன்னுடையது. மன்னித்துக்கொள். எ.ரா.' நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் எதையும் திருப்பிப் பார்க்கிறவள். ஆகவே நீ கிளம்பி வரவேண்டாம். உன் வீட்டில் விருந்தாளி அறையைப் பெருக்கி வை. மிஷினையும் ஏப்ரல் மாதத் துணியையும் நானே எடுத்து வருகிறேன். விர்ஜிலுக்கு இன்னும் சொல்லவில்லை.